கஞ்சிப் புகை

சிரிக்காதீங்க சார். நீங்க ஜன்னல் வழியா சிரிக்கறது தெரிஞ்சா அவனுகளுக்கு இன்னும் ஏறும். பாத்தீங்களா, தெரிஞ்சுபோச்சு. முன்பிரேக்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு பைக்கோட பின்சக்கரத்தை மட்டும் சுத்தவிடறான். புகை. ஒருத்தன் குத்தவெச்சு உக்காந்து போன்ல படம் பிடிக்கறான். சூலூர் பிரிவுல, பட்டப்பகல்ல, பஸ்ஸும் லாரியும் வரிசையா நிக்குது, இவனுக டயரைக் கொளுத்தி விளையாடறானுக. அந்தக் கண்ணாடியைச் சாத்திருங்க. எனக்கு இந்த வாசம் குமட்டும். பேச்சுக்குச் சொல்லலை, நிஜமாவே குமட்டும்.

நான் டயரைப் பத்திப் படிச்சவன். அமெரிக்காவுல, ஒஹையோவுல ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல ரொம்ப வருஷம் தேய்மானம் பார்த்தேன். டயர் எதனால தேயுது, இன்னும் எவ்வளவு மெதுவாத் தேய வைக்கலாம், அவ்வளவுதான் என் வேலை. நகக்கண் அளவு ரப்பரைக் காப்பாத்தறதுக்கு ஒரு கூட்டமே உக்காந்து மண்டையை உடைச்சுக்குவோம். அதை இந்த நாய்க ஒரு பாட்டு முடியறதுக்குள்ள ஊதித் தள்ளிடுது. அங்கேயும் உண்டு சார். சனிக்கிழமையானா எட்டு சிலிண்டர் வண்டியா கொண்டாந்து நிறுத்துவானுக, காலியா இருக்கற கடை வாசல்ல வட்டம் போடுவானுக. கூட வேலை செஞ்ச ஒரு வெள்ளைக்காரன் சாவியை நீட்டி, நீ ஒரு தடவை போடறியான்னு கேட்டான். வேண்டாம்னுட்டேன். எனக்கு அதுல இஷ்டமே கிடையாது. இப்ப எல்லாத்தையும் முடிச்சுக்கிட்டு ஊருக்கே வந்தாச்சு. வடவள்ளியில வீடு. இங்க வந்தா இங்கேயும் புகை.

நீங்க கரூர்ல இறங்கிருவீங்க இல்ல? பெட்ஷீட் ஏவாரம். நல்ல தொழில். நான் திருச்சி போறேன். கான்டெஸா கார் ஞாபகம் இருக்கா உங்களுக்கு? நீளமா, மூஞ்சி அகலமா, ஹிந்தி வில்லன் இறங்குவானே, அந்த வண்டி. அதோட டிஃப்ரன்ஷியல் வேணும். எஞ்சின் சுத்தறதைப் பின்சக்கரத்துக்குத் திருப்பிக் கொடுக்கற பல்சக்கரப் பெட்டி. திருச்சியில ஒரு பழைய சாமான் கடைக்காரர் இருக்குன்னு சொல்லியிருக்கார். இன்னைக்கே வாங்கி, ராத்திரியோட திரும்பி, காலையில மாட்டணும். நாளைக்குச் சாயங்காலம் பொண்ணழைப்பு. அந்த வண்டியிலதான் பொண்ணு மண்டபத்துக்குப் போகணும். நான்தான் ஓட்டணும். அந்தம்மா வேற யாரையும் கேக்கலை சார். என்னைத்தான் கேட்டாங்க.

பொண்ணோட அப்பன் நந்தகோபால். கூடப் படிச்சவன். போன சித்திரையில போய்ச் சேர்ந்துட்டான், கிட்னி. அப்பன் செத்தா வருஷத்துக்குள்ள பொண்ணு கல்யாணத்தை முடிச்சிரணும்னு எங்க பக்கம் ஒரு கணக்கு இருக்கில்லையா, அதுக்காக இந்தப் பங்குனியிலயே நாள் குறிச்சிட்டாங்க. வண்டி நந்துவோட அப்பா காலத்து வண்டி. ரொம்ப நாளா செட்டுக்குள்ள கோழி அடைஞ்சு கிடந்தது. சீக்காப் படுத்த அப்புறம்தான் நந்து அதைக் கையில எடுத்திருக்கான். முடிஞ்ச அன்னைக்கு ஒரு நட்டு, முடியாத அன்னைக்கு சும்மா உக்காந்து துடைக்கறது. மக கல்யாணத்துக்கு நான் ஓட்டிட்டுப் போறேன்னு வாக்கு. மக பேரு மிருதுளா. வண்டி முடிஞ்சது, இவன் முடிஞ்சுட்டான்.

அதே வண்டியிலதான் சார் அந்தக் காலத்துல நாங்க ஆடினது. ஏன் பாக்கறீங்க? என்னைப் பார்த்தா தெரியலையா? காலேஜுல படிக்கும்போது. நந்து, தண்டு, ஷாஜி, நான். தண்டுன்னா தண்டாயுதம், இப்ப லேத் வெச்சிருக்கான். ஷாஜகான் உக்கடத்துல பழைய டயர் ஏவாரம். அமெரிக்க வண்டி படம் போட்ட புஸ்தகம் ஒண்ணு எங்கிருந்தோ கிடைச்சது. பின்சக்கரம் புகையில மூழ்கி நிக்கற படம். இதை நாமளும் பண்ணணும்னு கிளம்பியாச்சு. ஆனா பாருங்க, கான்டெஸாவுக்கு மூஞ்சிதான் பயில்வான், இடுப்புல ஒண்ணும் கிடையாது. எவ்வளவு முறுக்கினாலும் ஒரே இடத்துல நின்னு சக்கரம் சுத்தாது. இழுத்துக்கிட்டு ஓடும், இல்லைன்னா இருமிட்டு நிக்கும்.

அதுக்கு நந்து ஒரு வழி கண்டுபிடிச்சான். அவங்களுக்குச் சோமனூர்ல தறி. பாவு நூலு விறைக்கறதுக்குப் போடற கஞ்சி, மரவள்ளி மாவுல காய்ச்சறது, அண்டா அண்டாவா இருக்கும். அதைக் குடத்துல மொண்டுட்டு வந்து பின்சக்கரத்துக்கு அடியில ஊத்திட்டா வழுக்கும். வழுக்கினா சுத்தும். சுத்திச் சுத்திக் கஞ்சி காஞ்ச அப்புறம் ரப்பர் கருகும். மூடிக்கிடந்த ஒரு மில்லுல பஞ்சு காயப்போடற சிமிட்டிக் களம் இருந்தது. ஞாயித்துக்கிழமை ஆனா அங்கேதான். முன்சக்கரத்துக்குக் கல்லு வைக்கணும், இல்லைன்னா வண்டி பாஞ்சிரும். அதுதான் இருக்கறதுலயே பொறுப்பான வேலை சார். கல்லு கொஞ்சம் நகர்ந்தா முன்னாடி நிக்கறவன் சட்னி. அதை எல்லார்கிட்டயும் விட்டுட முடியாது. சரியான கல்லாப் பார்த்து, சரியான சாய்ப்புல வெச்சு, சரின்னு கை காட்டணும். அதுக்கு அப்புறம்தான் உள்ளே இருக்கறவன் கிளட்சை விடலாம். அவன் கிடக்கான், விடறது யார் வேணாலும் விடலாம்.

வாசமா? கேக்காதீங்க. அடிப்பிடிச்ச கஞ்சியையும் செருப்பையும் ஒண்ணா வறுத்த மாதிரி. பல்லு இடுக்குல எல்லாம் கறுப்புப் பொடி. துப்பினா மை மாதிரி வரும். அந்த மில்லு வாட்ச்மேன் சம்சாரம் ஒரு தடவை வெள்ளை வேட்டியா துவைச்சுக் காயப்போட்டிருந்தது. புகை போய் அத்தனையும் சாம்பல். அந்தம்மா வேட்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு எங்களைப் பார்த்து நின்னுச்சு. திட்டக்கூட இல்லை. இவனுக விழுந்து விழுந்து சிரிச்சானுக. நந்து வண்டியில இருந்து இறங்கி வரும்போது காதெல்லாம் கரி, பல்லு மட்டும் தெரியும், ராஜா மாதிரி கையைத் தூக்கிக்கிட்டு வருவான். தண்டுவும் ஷாஜியும் அவனைத் தோள்ல தூக்குவானுக. நான் அப்பவே இது அசிங்கம்னு நினைச்சுக்கிட்டுதான் நின்னேன். ஓரமா.

நான் போட்டிருக்கேனான்னா? நாங்க எல்லாரும்தான். நாங்கன்னா நாங்கதானே.

பல்லடம் வந்திருச்சா? டீ வேண்டாங்க. இவனுக போடறது டீயே இல்லை.

விஷயத்துக்கு வரேன். போன மாசம் சசிரேகா போன் பண்ணினாங்க. நந்து சம்சாரம். என்னை அண்ணான்னுதான் கூப்பிடும். அண்ணா, பொண்ணழைப்புக்கு வண்டியை நீங்க ஓட்டறீங்களா, மத்தவங்க எல்லாம் வேகமா போவாங்க, நீங்கதான் மெதுவா ஓட்டுவீங்கன்னு அவரு சொல்லியிருக்காருன்னுச்சு. பின்னாடி பல்சக்கரம் பழசு, கொஞ்சம் முனகுது, மிதிக்கக்கூடாதுன்னும் சொல்லிட்டுப் போயிருக்கான். முப்பது வருஷ சிநேகிதம். அப்பன் உக்கார வேண்டிய சீட்டு. அதுக்கு ஆளு யாருன்னு யோசிச்சப்ப தண்டு இல்லை, ஷாஜி இல்லை. இந்த லோகநாதன். புதுசா ஒரு பட்டுச் சட்டை தைக்கக் கொடுத்தேன்.

முந்தாநாள் வண்டிக்குப் பூஜை. அவங்க வீட்டு முன்னாடிதான், சிமிட்டி போட்ட வாசல். மாலை போட்டு, சந்தனம் வெச்சு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். விநாயகர் கோயில் பூசாரி வந்திருந்தார். மிருதுளா கற்பூரத் தட்டோட நிக்குது. சசிரேகா கொஞ்சம் தள்ளி வாசல் கேட்டுப் பக்கமா நின்னாங்க. நல்ல காரியம் நடக்கும்போது அப்படித்தானே நிக்கணும். அவங்களாவே போய் நின்னுக்கிட்டாங்க, யாரும் சொல்லலை.

தண்டுவும் ஷாஜியும் வந்து இறங்கறானுக, கையில குடம். என்னடான்னு பார்த்தா கஞ்சி. சோமனூர்ல யாரையோ பிடிச்சுக் காய்ச்சி வாங்கிட்டு வந்திருக்கானுக. நந்துவுக்கு ஒரு மரியாதை பண்ணலாம்னு. செத்தவனுக்கு மாலை போடுவாங்க, பன்னீர் தெளிப்பாங்க, வேட்டு விடுவாங்க. டயரைக் கொளுத்துவானா ஒருத்தன்? ரெண்டு பேருக்கும் தொப்பை வந்தாச்சு, ஒருத்தன் தலையில மயிரே இல்லை.

சசிரேகாகிட்டப் போய்க் கேட்டானுக. அது, வேண்டாங்கண்ணா, வண்டி தாங்காது, இன்னும் மூணு நாள்ல பொண்ணு போகணும்னுச்சு. சரிம்மான்னு குடத்தைக் கொண்டுபோய்ச் சாக்கடை ஓரமா வெச்சுட்டானுக. அவ்வளவுதான், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. ஆனா எனக்கு மனசு ஆறலை. அப்படியே விட்டா எப்படி? ரெண்டு பேரையும் நிக்கவெச்சு நல்லாக் கேட்டேன். ரப்பர்னா என்ன, அது எத்தனை பேரு உழைப்பு, அந்தப் புகை நெஞ்சுக்குள்ள போனா என்ன ஆகும், ஒரு மனுஷன் நாப்பத்தெட்டு வயசுல எப்படி நடந்துக்கணும். பூசாரி மணியை ஆட்டாம காத்துக்கிட்டு நின்னார். ஷாஜி சரி லோகு, சரி லோகுன்னு தலையை ஆட்டினான். தண்டு பல்லுக் குத்திக்கிட்டு இருந்தான்.

அப்புறம் வண்டியில ஏறினேன். பழத்து மேல ஏத்தணும். அந்தக் கிளட்ச் எனக்குப் பழக்கமில்லை சார், வேற எந்த வண்டியிலயும் அப்படி இருக்காது. ஒரு தடவை விட்டேன், அணைஞ்சு போச்சு. மறுபடி விட்டேன், பழத்து மேல லேசா ஏறி, பின்னாடி வந்து, அணைஞ்சு போச்சு. நசுங்கக்கூட இல்லை. யாரோ சிரிச்சாங்க. பூசாரியோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

தண்டு சொல்றான், எல்லாருக்கும் கேக்கற மாதிரி: "விடு ஷாஜி. லோகு அந்தக் காலத்துல இருந்து கல்லு வெச்சே பழகினவன். வண்டி நகரக்கூடாதுங்கறது மட்டும்தான் அவனுக்குத் தெரியும்."

நான் கோபப்படலை. அதை முதல்ல தெரிஞ்சுக்கோங்க. இவனுக எதைப் பெரிய வித்தைன்னு கொண்டாடறானுகளோ, அது எவ்வளவு கேவலமான விஷயம்னு ஒரு தடவை செஞ்சு காட்டிட்டா வாயை மூடுவானுகன்னு தோணுச்சு. ஒரு விளக்கம். ஆராய்ச்சிக்கூடத்துல காட்டற மாதிரி. இறங்கிப்போய்க் குடத்தை எடுத்தேன். ஊத்தினதும் நான்தான், அளவு தெரியணுமில்லையா. கல்லு வைடான்னு தண்டுகிட்டச் சொன்னேன். அவன் முகம் மாறிருச்சு. "வேண்டாண்டா லோகு. நான் சும்மா சொன்னேன். ரேகா வேண்டாம்னு சொல்லுச்சில்ல"ங்கறான். வைடாங்கறேன், வைக்க மாட்டேங்கறான். இத்தனைக்கும் கிளப்பிவிட்டவன் அவன். கடைசியில அதையும் நானேதான் வெச்சேன். சரியான சாய்ப்புல.

சசிரேகா அங்கிருந்து அண்ணான்னு ஒரு தடவை கூப்பிட்டாங்க. கேட்டுச்சு. ஆனா அதுக்குள்ள நான் ஏறி உக்காந்துட்டேன்.

விட்டேன் சார். எஞ்சின் கத்துது. காலுக்கடியில தகடு நடுங்குது, ஸ்டீயரிங் கைக்குள்ள உயிரோட துடிக்குது. பின்பக்கம் சீறிக்கிட்டு இடுப்பை ஆட்டுது, அந்தப் பக்கம் இந்தப் பக்கம். கண்ணாடியில பார்த்தா வீடு இல்லை, தெரு இல்லை, ஒருத்தரும் இல்லை. வெள்ளை. வெறும் வெள்ளை. நான் மட்டும் நடுவுல. வாயைத் திறந்து என்னமோ கத்தினேன், என்ன கத்தினேன்னு தெரியலை. நெஞ்சுக்குள்ள இருந்த அத்தனையும் கழண்டு அந்தப் புகையோட போற மாதிரி. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கால் தானா மிதிக்குது.

அருவருப்பா இருந்துச்சு சார்.

அந்தக் கஞ்சியை அவனுக கெட்டியா காய்ச்சியிருக்கணும். நீர்க்கக் காய்ச்சியிருக்கானுக. பின்சக்கரம் ஆடி ஆடி ஒதுங்கி, ஈரம் இல்லாத சிமிட்டியைப் பிடிச்சிருச்சு. முன்னாடி கல்லு. வண்டிக்குப் போக வழியில்லை. அடியில இருந்து ஒரு சத்தம், கடப்பாரையை முறிச்ச மாதிரி. அவ்வளவுதான். எஞ்சின் சுத்துது, சக்கரம் நிக்குது.

புகை விலக நேரமாச்சு. சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி. மாலை கருகிப்போய்த் தொங்குது. மிருதுளா தட்டைப் பிடிச்சபடியே நிக்குது, கற்பூரம் அணைஞ்சிருந்தது, பாவாடையெல்லாம் கஞ்சி. அழலை. கேட்டுல இருந்து சசிரேகா நேரா வந்து, ஜன்னல் வழியா கையை விட்டு, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துக்கிட்டு உள்ளே போயிட்டாங்க. வண்டியைப் பூட்டணுமில்லையா, அதுக்குத்தான். என்னை ஒரு வார்த்தை சொல்லலை. அந்தம்மா அப்படித்தான், மனுஷனைப் புரிஞ்சவங்க.

தண்டு சட்டையைக் கழட்டிட்டு வண்டிக்கு அடியில நுழைஞ்சான். வெளியே வந்து, பல்சக்கரத்துல பல்லு எல்லாம் போச்சுன்னான். யாரையும் பார்க்காம சொன்னான். குத்தம் உள்ளவன் எப்படிப் பார்ப்பான்? நான் உடனே சொல்லிட்டேன், கவலைப்படாதீங்க, எங்கிருந்தாவது நான் கொண்டுவரேன், நானே நின்னு மாட்டறேன், நானே ஓட்டறேன்னு. யாரும் மறுத்துப் பேசலை. அப்படின்னா சரின்னுதானே அர்த்தம்? நேத்து பூரா அலைஞ்சு திருச்சிக்காரரைப் பிடிச்சேன்.

ஒரு நிமிஷம் சார். போன். அந்தப் பொண்ணுதான்.

சொல்லும்மா. காங்கேயம் தாண்டப்போறேன். சாயங்காலத்துக்குள்ள... என்னது? யாரு மாட்டினது? எப்ப? ஓ. ஓ. சரி. நல்லதாப் போச்சு. இல்லை இல்லை, அலைச்சல் என்ன. அப்ப நான் நாளைக்கு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரட்டும்? ... ம். ... அம்மாவா? அம்மாவுக்கு எப்படிம்மா... சரி. சரிம்மா. வெச்சுடு.

ஒண்ணுமில்லைங்க. வண்டி ரெடியாம். ஷாஜியோட சொந்தக்காரர் ஒருத்தர் பாலக்காட்டுல ஒரு கான்டெஸா வெச்சிருக்காராம். முந்தாநாளே போய், அதுல இருந்து கழட்டிக் கொண்டாந்து, தண்டு மாட்டிட்டானாம். முந்தாநாளே சார். எனக்கு ஒரு போன் கிடையாது. நான் இங்க பஸ்ஸுல இடிபட்டுக்கிட்டு இருக்கேன். பேரு வாங்கிக்கணும், அதுதான் வேற என்ன.

ஓட்டறது சசிரேகாவாம்.

அம்மாவே ஓட்டறேன்னு சொல்லிட்டாங்க மாமா, அப்பாவைக் கடைசி ஆறு மாசம் இதே வண்டியில டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போனது அம்மாதானே, அந்த வண்டி அவங்க கையிலதான் சத்தமே போடாதுங்குது. எனக்கு எப்படித் தெரியும்? என்கிட்ட யாரு சொன்னா? அவன் சீக்காக் கிடந்தப்ப நான் வரலாம் வரலாம்னு இருந்தேன், வேலை விடலை, வந்த அப்புறமும் வீட்டு வேலை. நீங்க நேரா மண்டபத்துக்கு வந்துருங்க மாமான்னுச்சு. நேரா மண்டபத்துக்கு. கரூர்ல இருந்து வர்ற சொந்தக்காரனுக்குச் சொல்ற மாதிரி. தப்பா எடுத்துக்காதீங்க, உங்களைச் சொல்லலை.

நான் பத்தாம்பசலி கிடையாது சார். நாலு ஊரு பார்த்தவன். ஆனாலும் ஒரு முறைன்னு இருக்கில்ல? புருஷன் போய் வருஷம் திரும்பலை. பொண்ணழைப்பு வண்டியில, மாலையும் மேளமும் முன்னாடி போக, நெத்தி வெறுமையா அந்தம்மா முன்சீட்டுல உக்காந்து ஓட்டிட்டு வந்தா மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாங்க? தண்டு ஓட்டியிருந்தாக்கூட நான் பொறுத்துக்குவேன். இது என்ன பழக்கம்? யாருக்குமே ஒரு கூச்சம் இல்லை. அன்னைக்கு அந்த வேட்டியைப் பார்த்துச் சிரிச்ச கூட்டம்தானே, வேற எப்படி இருக்கும்? நெனச்சாலே குமட்டுது.

என்ன கேட்டீங்க? இறங்கலையான்னா? ஆமா, திருச்சியில இனி என்ன வேலை. காங்கேயத்துல இறங்கித் திரும்பிடறேன். அந்தப் பையை மட்டும் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க. தையக்கடையில சட்டையை வாங்கணும், எட்டு மணிக்குச் சாத்திருவான்.

போகாம எப்படி? போவேன். நாளைக்குக் கொஞ்சம் முன்கூட்டியே போயிருவேன். மண்டபத்து வாசல்லயே நிப்பேன். வண்டி வந்து நிக்கும்போது பட்டுச்சேலையோட அந்தப் பொண்ணால கதவைத் திறந்துக்க முடியாது, பழைய வண்டி, கைப்பிடி இறுக்கமா இருக்கும். அதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல?